வாளின் வயதைச் சொன்ன அணு



கிருதயுகத்துக்கு 17,28,000 ஆண்டு. திரேதாயுகத்துக்கு 12,96,000 ஆண்டு. துவாபரத்துக்கு 8,64,000. கலிக்கு 4,32,000. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் இந்தக் கணக்கு பளிச்சென்று தெரியும். ஒரு நாள் கூடாமல், ஒரு நாள் குறையாமல், அளந்து வைத்த கணக்கு! எண்ணியவர் யார்? எதைக் கொண்டு எண்ணினார்? எண்ணியதற்குச் சான்று எங்கே? கேட்டுப் பாருங்கள். விடை வராது, வெகுளி வரும்!

நாம் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டியதுதான். ஆனால், நம் வீட்டுத் திண்ணையையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்குக் கணக்குச் சொல்கிறது. முதற் சங்கம் 4,440 ஆண்டு. இடைச் சங்கம் 3,700 ஆண்டு. கடைச் சங்கம் 1,850 ஆண்டு. ஆக மொத்தம் 9,990 ஆண்டு! முதற் சங்கத்துப் புலவர் வரிசையில் சிவபெருமானும் முருகவேளும் குபேரனும் உட்கார்ந்திருக்கிறார்கள். யுகக் கணக்கைக் கேட்டு நகைத்த அதே வாய், மேடையேறி இந்தக் கணக்கைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறதே, இது பகுத்தறிவா? அவர்கள் கணக்குக்கு ஒரு தராசு, நம் கணக்குக்கு வேறொரு தராசா?

இந்தக் கேள்வியை நான் பிறரிடம் கேட்கவில்லை. என்னிடமே ஒரு சிறுமி கேட்டாள். கேட்ட நாளிலிருந்து என்னால் நிம்மதியாக வரலாற்றுப் பாடம் நடத்த முடியவில்லை.

வகுப்பறையில் விழுந்த கேள்வி

சலங்கை ஒலியைவிடத் தறியின் ஒலி மிகுந்த ஊர் எங்கள் ஜலகண்டாபுரம். அங்கே நான் வரலாற்றாசிரியன். கல்லூரியில் கலைப்பாடம் பயின்றவன். வேதியியல் கூடத்தின் வாடையை அதிகம் நுகராதவன். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று, தமிழக அரசின் தொல்லியல் துறை ‘இரும்பின் தொன்மை’ என்னும் ஆய்வறிக்கையைச் சென்னையில் வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்போடு கிடைத்த கரித்துண்டுகளுள் ஒன்றின் காலம் கி.மு. 3345 என்றது அறிக்கை. ஏடுகள் எல்லாம் எடுத்துப் பேசின. நானும் வகுப்பில் பெருமிதம் பொங்கப் பேசினேன். கரும்பலகையில் அந்த எண்ணை எழுதினேன், எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். “ஐயா, இரும்பிலே தேதி எழுதியிருக்குமா?” என்றாள்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு விடை தெரியாது! நூலில் இருந்த எண்ணை நான் படித்தேன். நான் படித்ததை அவர்கள் எழுதினார்கள். எண்ணியவர் யார், எதைக் கொண்டு எண்ணினார் என்று நானும் கேட்கவில்லை. அப்படியானால் பஞ்சாங்கம் படிப்பவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அவர் கையில் பழைய ஏடு. என் கையில் புதிய ஏடு. அவ்வளவுதானே!

அந்த வெட்கம் என்னை நூலகத்துக்குத் துரத்தியது. இரும்பின் வயதைத் தேடிப் போனவன், அணுவின் கருவுக்குள் போய் நின்றேன். அங்கே கண்டதைத்தான் இங்கே வைக்கிறேன்.

உடைந்துபோன ஒரு கோட்பாடு

1808-இல் இங்கிலாந்தில் ஜான் டால்டன் என்னும் பள்ளி ஆசிரியர் தம் அணுக்கொள்கையை நூலாக்கினார். நெசவாளி மகன் அவர். ஒவ்வொரு தனிமமும் அணுக்களால் ஆனது. ஒரே தனிமத்தின் அணுக்கள் அனைத்தும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே எடை கொண்டிருக்கும் என்றார். நூறு ஆண்டுகள் இதுவே வேதியியலின் அடிக்கல்லாக நின்றது. அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்ட கொள்கை. ஏற்றுக்கொண்டதற்குக் காரணங்களும் உண்டு.

ஆனால் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று கொண்டால், பல தனிமங்களின் எடை ஏறக்குறைய முழு எண்ணாக வந்தது. கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16. நாம் சோற்றில் போடும் உப்பில் இருக்கிறதே குளோரின், அது மட்டும் 35.45 என்றது! அரை அணு உண்டா? எத்தனை முறை நிறுத்தாலும் அதே எண்தான். உறுத்தலை மூடி மறைக்கவில்லை அறிவியல். திரும்பத் திரும்ப நிறுத்தது; குறித்து வைத்தது; காத்திருந்தது.

கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின் உறுத்தல் குழப்பமாக வளர்ந்தது. யுரேனியமும் தோரியமும் தாமாகவே சிதைந்து புதிய புதிய பொருள்களாக மாறுகின்றன என்று தெரிந்தது. 1910 வாக்கில் ஏறத்தாழ 40 புதிய ‘தனிமங்கள்’ பட்டியலிடப்பட்டன. தனிமங்களின் அட்டவணையிலோ ஈயத்திலிருந்து யுரேனியம் வரை 11 கட்டங்களே உண்டு. 40 விருந்தினருக்கு 11 பாய்!

அந்த விருந்தினரிலும் சிலர் விசித்திரமானவர். ரேடியம்-டி என்ற பொருளை ஈயத்திலிருந்து பிரித்துத் தரும்படி ரூதர்போர்டு, ஹெவெசி என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். இளைஞர் பாடுபட்டார், பல வழிகளில் முயன்றார், தோற்றார். எந்த வேதிவினையிலும் இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்தன. அவரோ அந்தத் தோல்வியையே கருவியாக்கினார். பிரியாது என்றால் நல்லதாயிற்று. கதிரியக்கமுள்ளதைச் சிறிது கலந்துவிட்டால், சாதாரண ஈயம் போகுமிடமெல்லாம் இது உளவு சொல்லுமே என்றார். இன்று மருத்துவமனைகளில் உடலுக்குள் செலுத்தி நோய் தேடும் கதிரியக்க மருந்துகளின் வழி, அந்தத் தோல்வியிலிருந்து கிளைத்ததே.

ஓர் இடம், பலர்

1913-இல் பிரடெரிக் சாடி என்னும் அறிஞர் துணிந்து சொன்னார்: இவை நாற்பது தனிமங்கள் அல்ல. ஒரே கட்டத்தில் பல அணுக்கள் அமரலாம். வேதிக் குணத்தில் ஒன்று, எடையில் வேறு! இந்தக் கருத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று கிளாஸ்கோவில் ஒரு விருந்தில் பேச்செழுந்தது. அங்கிருந்த மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர், கிரேக்கச் சொற்களைக் கூட்டி ‘ஐசோடோப்பு’ என்று பெயர் சூட்டினார். ‘அதே இடம்’ என்பது பொருள். தமிழில் ஓரிடத்தான் என்பார்கள். சாடிக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெயர் தந்த பெண்மணியின் பெயரைப் பாடநூல்கள் பல மறந்தன. நாம் மறக்க வேண்டாம்.

சொன்னால் போதுமா? மெய்ப்பிக்க வேண்டாமா? சாடி சொன்னது சரியென்றால், தோரியம் சிதைந்து உண்டாகும் ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருக்க வேண்டும். யுரேனியம் சிதைந்து உண்டாகும் ஈயம் இலேசாக இருக்க வேண்டும். தோரியம் செறிந்த தாது எங்கே கிடைக்கும்? நம் கடலுக்கு அப்பால், இலங்கையில்! இலங்கைத் தோரைட்டு என்னும் அந்தக் கல்லிலிருந்து சாடி ஈயத்தைப் பிரித்தெடுத்தார். சாதாரண ஈயத்தின் எடை 207.2, இலங்கைக் கல்லின் ஈயமோ 207.7 அளவில் நின்றது. அதே நேரத்தில் வியன்னாவில் ஹோனிக்ஷ்மிட் என்பாரும், அவருடன் பணியாற்றிய ஸ்டெஃபனி ஹோரோவிட்ஸ் என்ற போலந்து நாட்டுப் பெண்ணும், யுரேனியத் தாதுவின் ஈயத்தை நிறுத்தார்கள். 206.7 என்று வந்தது. மூன்று ஈயமும் ஈயமே. மூன்றின் எடையும் வேறே!

அந்த ஹோரோவிட்ஸ் அம்மையாரின் முடிவு என்ன தெரியுமா, தோழர்களே? யூத குலத்தில் பிறந்தார் என்ற ஒரே குற்றத்துக்காக, 1942-இல் ட்ரெப்ளிங்கா கொலைக்களத்தில் மாய்க்கப்பட்டார். அணுவுக்குள் இருந்த சிறு வேறுபாட்டை நேர்மையாக நிறுத்த கைகளை, மனிதருக்குள் இல்லாத வேறுபாட்டைக் கற்பித்தவர்கள் அழித்தார்கள்.

பாவும் ஊடையும்

எடை ஏன் வேறுபடுகிறது? 1911-இல் அணுவின் நடுவே கரு உண்டு என்று ரூதர்போர்டு காட்டினார். 1913-இல் மோஸ்லி என்ற இளைஞர், ஒரு தனிமத்தை அந்தத் தனிமமாக ஆக்குவது எடையன்று, கருவிலுள்ள நேர்மின்னேற்றமே என்று கண்டார். அந்த மோஸ்லி 1915-இல் கல்லிபோலிப் போர்க்களத்தில் குண்டடிபட்டு 27 வயதில் மாண்டார். எடை வேறுபாட்டின் மறைபொருளோ 1932 வரை காத்திருந்தது. அவ்வாண்டில் ஜேம்ஸ் சாட்விக், மின்னேற்றமே இல்லாத ஒரு துகள் கருவுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதுவே நியூட்ரான்.

எங்கள் ஊர்த் தறியைக் கொண்டு விளக்குகிறேன். பாவு நூல் இத்தனை என்று கட்டிவிட்டால், துணி இன்ன துணி என்பது உறுதியாகிவிடுகிறது. ஊடையை நெருக்கி அடித்தால் துணி கனக்கும். கலக்க அடித்தால் இலேசாகும். துணியின் பெயர் மாறாது, எடை மாறும். கருவில் புரோட்டான் பாவு போன்றது. 6 புரோட்டான் என்றால் கார்பன். 17 என்றால் குளோரின். 26 என்றால் இரும்பு. நியூட்ரான் ஊடை போன்றது. அது கூடலாம், குறையலாம், தனிமத்தின் பெயரும் வேதிக் குணமும் மாறுவதில்லை, எடை மாறும்.

குளோரினின் 35.45 இப்போது புரிகிறதல்லவா? 18 நியூட்ரான் கொண்ட குளோரின் 35. 20 நியூட்ரான் கொண்ட குளோரின் 37. நான்கு அணுவில் ஏறத்தாழ மூன்று முன்னது, ஒன்று பின்னது. சராசரி பார்த்தால் 35.45! அரை அணு எங்கும் இல்லை. 1912-இலேயே நியான் வாயுவில் 20, 22 என்று இரண்டு எடைகளுக்கு ஜே.ஜே. தாம்சன் தடயம் கண்டிருந்தார். 1919-இல் ஆஸ்டன் அமைத்த நிறைநிரல் கருவி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து ஒளித்தகட்டில் கோடுகோடாகக் காட்டியது. இயற்கையில் உள்ள ஐசோடோப்புகளில் 200-க்கு மேற்பட்டவற்றை அவர் ஒருவரே இனங்கண்டார்.

நம் மாவட்டத்துக்கு வாருங்கள். சேலத்து வெள்ளைக்கல் மலையில் வெட்டி எடுக்கிறார்களே மாக்னசைட்டு, அதிலுள்ள மக்னீசியம் மூன்று வகை. 12 புரோட்டானோடு 12, 13, 14 நியூட்ரான்கள். நூற்றுக்கு 79 முதல் வகை. மற்ற இரண்டும் மீதியைப் பகிர்ந்துகொள்கின்றன. கஞ்சமலையின் இரும்போ நான்கு வகை: 28, 30, 31, 32 நியூட்ரான்கள். தங்கத்துக்கும் அலுமினியத்துக்கும் நிலைத்து நிற்கும் வகை ஒன்றே ஒன்று. வெள்ளீயத்துக்கோ பத்து! எந்தத் தனிமத்துக்கு எத்தனை என்பதை எந்த முனிவரும் ஞானக்கண்ணால் காணவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்துத்தான் அறிய வேண்டியிருந்தது.

இந்த எண்ணிக்கைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் இயல்பின. அவற்றை நெருக்கிப் பிடித்து வைக்க நியூட்ரான்கள் துணை நிற்கின்றன. சிறு கருக்களில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. பெருங் கருக்களில் நியூட்ரான் மிகுதி. ஈயத்தில் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான் வரை உண்டு. அளவுக்கு மிஞ்சினால் கரு நிலைகுலையும்; கதிரைக் கக்கி வேறொன்றாக மாறும்.

எண்ணிக்கையில் சில வேறுபாடு, விளைவில் மலையளவு! யுரேனியம் 238-க்கு 146 நியூட்ரான். யுரேனியம் 235-க்கு 143. மூன்றே மூன்று நியூட்ரான்தான் வேறுபாடு. மெதுவாக வரும் நியூட்ரான் பட்டாலும் பிளப்பது பின்னது. ஆயிரம் யுரேனிய அணுவில் ஏழே கிடைப்பதும் அதுதான். அதைப் பிரித்துத் திரட்டியவர்கள் 1945 ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவின் மேல் போட்டார்கள். அறிவு விளக்கும் ஏற்றும், வீட்டையும் கொளுத்தும். ஏந்தும் கையைப் பொறுத்தது அது.

கரிக்குள் ஒரு கடிகாரம்

இனி அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன்.

விண்ணிலிருந்து கதிர்கள் இடைவிடாமல் மண்ணுலகின் காற்றைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலில் நியூட்ரான்கள் சிதறுகின்றன. சிதறிய நியூட்ரான் ஒன்று நைட்ரஜன் கருவில் புகுந்து, ஒரு புரோட்டானை வெளியே தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. 7 புரோட்டான் 6 ஆகிறது; நைட்ரஜன் கார்பனாகிறது. சாதாரணக் கார்பனில் 6 நியூட்ரான். நூற்றில் ஒரு பங்குக்கு 7 நியூட்ரான். புதிதாய்ப் பிறந்த இந்தக் கார்பனுக்கோ 8. இதுவே கார்பன் 14. 1940-இல் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் அமெரிக்காவில் பெர்க்லியில் இதைக் கண்டறிந்தார்கள். காற்றிலுள்ள கார்பனில் லட்சம் கோடி அணுவுக்கு ஏறத்தாழ ஒன்று என்பது இதன் அளவு.

மரம் காற்றை உண்கிறது. மாடு இலையை உண்கிறது. மனிதன் இரண்டையும் உண்கிறான். உயிருள்ளவரை எல்லார் உடலிலும் இந்த விகிதம் நிலையாய் இருக்கிறது. அர்ச்சகர் உடலிலும் அதே விகிதம். தோட்டி உடலிலும் அதே விகிதம்! உயிர் போனதும் உள்ளே வருவது நிற்கிறது. இருப்பது மட்டும் கரைகிறது. எட்டு நியூட்ரானில் ஒன்று புரோட்டானாக மாற, கார்பன் மீண்டும் நைட்ரஜனாகிப் போய்விடுகிறது. 5,730 ஆண்டில் பாதி போகும். அடுத்த 5,730 ஆண்டில் மீதியில் பாதி. எஞ்சியதை எண்ணினால், உயிர் நின்ற காலம் தெரியும். 50,000 ஆண்டுக்கு அப்பால் எண்ணுவதற்கு ஏதும் மிஞ்சாது. அங்கே இந்தக் கடிகாரம் ஓயும்.

சிக்காகோவில் வில்லார்டு லிபி இந்த முறையை வகுத்தார். வகுத்ததும் என்ன செய்தார் என்பதுதான் நம் சிந்தனைக்குரியது. “நம்புங்கள்” என்று சொல்லவில்லை. காலம் முன்பே தெரிந்த பொருள்களை முதலில் எடுத்துக்கொண்டார். எகிப்திய அரசர் கல்லறை மரம், வளையம் எண்ணப்பட்ட பழைய மரம் ஆகியவற்றைச் சோதித்து, தம் கணக்கும் தெரிந்த கணக்கும் பொருந்துகின்றனவா என்று 1949-இல் வெளியிட்டார். 1960-இல் நோபல் பரிசு பெற்றார்.

அதோடு முடிந்ததா? இல்லை. அவர் கொண்ட 5,568 ஆண்டு என்ற பாதிக்காலம் பின்னர் 5,730 என்று திருத்தப்பட்டது. காற்றிலே கார்பன் 14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இல்லை என்பதை மர வளையங்கள் காட்டிக்கொடுத்தன. மிகப் பழைய பொருள்களுக்குப் பல நூற்றாண்டு குறைவாகக் காலம் வந்திருந்தது தெரிந்தது. உடனே திருத்த அட்டவணை வகுத்தார்கள். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகள் கார்பன் 14-ஐ ஏறத்தாழ இரு மடங்காக்கின. இந்தக் கணக்கில் ‘இன்று’ என்றால் 1950 என்று நிறுத்திக்கொண்டார்கள். தவறு காட்டப்பட்டபோது வேதம் திருத்தப்பட்டதுண்டா? யுகக் கணக்குக்குத் திருத்தப் பதிப்பு வந்ததுண்டா? திருத்திக்கொள்ள மறுப்பது அவர்களுக்குப் பெருமை. திருத்திக்கொள்வது அறிவியலுக்கு உயிர்.

இத்தாலியில் டூரின் நகரத்தில் ஒரு துணி இருக்கிறது. ஏசுவைப் போர்த்திய துணி என்று பல கோடிப் பேர் வணங்குவது. 1988-இல் மூன்று நாட்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே சோதித்தன. கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்றன. துணியை நெய்த ஆளி நாரின் கார்பன், அடியார்களின் முகம் பார்த்துப் பேசவில்லை!

மேட்டூர்ப் பக்கத்து வாள்

இரும்பில் தேதி எழுதியிருக்குமா? இரும்பின் நான்கு வகையும் நிலைத்து நிற்பவை. அவை வயதைச் சொல்லா, ஊமைகள். ஆனால் எஃகு என்பது வெறும் இரும்பன்று. இரும்பை உருக்கக் கரி மூட்டினான் பண்டைக் கொல்லன். அந்தக் கரியின் கார்பன் சிறிது இரும்புக்குள் புகுந்து, மெத்தென்றிருந்ததை வலிய எஃகாக்கியது. கரி, வெட்டிய மரத்தினுடையது. மரம் வெட்டுண்ட நாளில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஆக, இரும்பில் தேதி இருக்கிறது, மகளே! இரும்பு எழுதியதன்று, இரும்புக்குள் ஒளிந்திருக்கும் மரம் எழுதியது.

அதைப் படிக்கச் சிவகளைக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரைச் சேர்ந்த மேட்டூர்ப் பகுதியிலேயே தெலுங்கனூர் இருக்கிறது, மாங்காடு இருக்கிறது. தெலுங்கனூரில் பெருங்கற்காலப் புதைகுழியில் இருபுறமும் கூர்மை தீட்டிய வாள் ஒன்று கிடைத்தது. ஆராய்ந்தபோது, கார்பன் மிகுந்த உயர்ந்த எஃகு என்று தெரிந்தது. கதிர்க்கரிக் கணக்கு அதற்குத் தந்த காலம் கி.மு. 1435-க்கும் 1233-க்கும் இடை. மாங்காட்டு இரும்புக்குத் தந்த காலம் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடை. மரத்தில் இருந்த கார்பன் 14-இல் மூன்றிலிரு பங்கு அளவே அவற்றில் மிஞ்சியிருக்கும். மூன்றாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன், நம் காவிரிக் கரையிலே உலைமூட்டி ஊதிய ஒருவனின் வேர்வைக்குச் சாட்சி, எட்டு நியூட்ரான்!

அந்தக் கொல்லன் பெயர் எந்தப் புராணத்தில் இருக்கிறது? எந்தத் தலவரலாறு அவனைப் பாடியது? வாளேந்திய மன்னனைப் பாடினார்கள். வாளைச் செய்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். அவன் கையிலிருந்த கரி மட்டும் அவனை மறக்கவில்லை.

தராசு ஒன்றே

இப்போது கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். மேற்சொன்ன காலங்களைப் பாருங்கள். 1435 முதல் 1233 வரை. இருநூறு ஆண்டு இடைவெளி. அறிவியல் எப்போதும் இப்படித்தான் பேசும்: இதற்குள் இருக்கலாம் என்று எல்லை குறிக்கும். யுகக் கணக்கைப் போல ஒரு நாள் பிசகாமல் பேசாது. எல்லை சொல்லாத எண்ணைக் கண்டால் ஐயுறுங்கள். அது நமக்குப் பிடித்த எண்ணாயினும் ஐயுறுங்கள்.

கரியின் வயது கரியின் வயதே. பழைய மரத்தை எரித்தால் பழைய வயதே காட்டும். கரியும் இரும்பும் ஒரே நாளில் புதைந்தனவா என்பதை மண்ணடுக்கைக் கொண்டு தேற வேண்டும். ஓரிடத்தில் கிடைத்த எண்ணை வேறிடத்து எண் தாங்கிப் பிடிக்க வேண்டும். சிவகளை முதலிய இடங்களின் மாதிரிகளை அமெரிக்காவின் பீட்டா ஆய்வகத்துக்கும், லக்னோவின் பீர்பால் சகானி நிறுவனத்துக்கும், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பியது இதற்காகவே. அறிக்கை வந்தபின் வெளியிலிருந்தும் அறிஞர் பலர், இன்னும் பல இடங்களில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவர்களைப் பகைவர் என்று ஏசுவது மடமை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள், ஆதிச்சநல்லூரில் கி.மு. 2517 வந்திருக்கிறது. ஒன்றை ஒன்று தாங்கட்டும். தாங்கினால் நிற்கும், தாங்காவிட்டால் திருத்திக்கொள்வோம். திருத்திக்கொண்டால் தமிழ் தாழ்ந்துவிடாது!

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்துக் கரி கி.மு. 580 என்றது, 2019-இல் அறிக்கை வெளிவந்தது. பழனி அருகே பொருந்தலில் கல்லறைச் சாடியில் இருந்த நெல் கி.மு. 490 என்றது. இவை 9,990 அல்ல. எனினும் கைதட்டலுக்காகச் சொன்ன பெரிய பொய்யினும், கரி சொல்லும் சிறிய மெய் பெரிது. அந்த நெல்லை ஒருவன் விதைத்தான், ஒருத்தி நாற்று நட்டாள் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியும். சிவபெருமான் தலைமையில் நடந்த சங்கத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

மறுநாள் அந்தச் சிறுமியிடம் விடையைச் சொல்லிவிடவில்லை. எனக்கே ஒரு மாதம் ஆயிற்று. விடை கிடைத்த அன்று, கரும்பலகையில் 3345 என்ற எண்ணை மீண்டும் எழுதினேன். அதன் பக்கத்தில் யார் எண்ணினார், எதை எண்ணினார், எவ்வளவு பிழை இருக்கலாம் என்று மூன்று கேள்விகளை எழுதினேன். இனி எந்த எண் வந்தாலும், என் வாயிலிருந்து வந்தாலும், இந்த மூன்றையும் கேளுங்கள் என்றேன்.

அவள் கேட்டாள்: “அப்போ பாடநூலில் உள்ள எண்ணைக்கூடக் கேட்கலாமா, ஐயா?”

கேட்கலாம், மகளே. கேட்கத்தான் வேண்டும்.

தமிழில் ‘எண்ணுதல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, கணக்கிடுதல்; மற்றொன்று, சிந்தித்தல். நம் முன்னோர் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தார்கள். நாமோ எண்ணாமலே எண்களைச் சொல்லிப் பழகிவிட்டோம். தோழர்களே, மேடையேறும் முன் எண்ணுவோம். எழுதும் முன் எண்ணுவோம். எதிரியின் கணக்கை எண்ணும் அதே விரலால் நம் கணக்கையும் எண்ணுவோம்!